ஓமோனும் உப்பு நீரும்

1998ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து இரவொன்றில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் என்.பி.சி. தொலைக்காட்சி ஒரு சிறுவனின் கதையை நாடெங்கும் ஒளிபரப்பிற்று. பேச்சிழந்து, பெற்ற தாயின் முகத்தையும் நோக்காது, இரவில் உறக்கமின்றி, தீராத வயிற்றுப்போக்கினால் வருந்திய அப்பாலகனை 1996இல் அவன் பெற்றோர் போல்ற்றிமோர் நகரிலுள்ள மேரிலண்ட் பல்கலைக்கழக வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றிருந்தனர். அவர்கள் அங்கே நாடியது வயிற்று நோய்க்குப் பரிகாரமேயன்றி வேறன்று. சதையி என்னும் சுரப்பி ஒழுங்காகத் தொழிற்படுகின்றதா என்று அறியும் பொருட்டு வைத்தியர்கள் அவனுக்குச் செக்ரட்டின் என்ற ஓமோனை ஒருமுறை ஊசிமூலம் ஏற்றினர். பரிசோதனை முடிந்தது, பிள்ளை வீடு திரும்பினான். சில வாரங்களுள் அவன் வயிறு சீர்பட்டது, உறக்கம் வந்தது, தாயின் கண்ணை நோக்கினான், மறந்துபோன சொற்கள் மீண்டும் அவன் வாயிலிருந்து எழுந்தன.

இதனைக் கண்ணாரக் கண்ட தாய், காரணம் அந்த ஊசியே என்று துணிந்ததில் வியப்பில்லை. அவர் வைத்தியர்களுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினார். பரிசோதனையை நடத்திய வைத்தியர் கரோலி ஹோர்வத்தும் அவர்தம் குழுவினரும், இவ்வாறே ஊசி பெற்ற மூன்று பிள்ளைகளிடம் பார்வையிலும் மொழியிலும் முன்னேற்றம் காணப்பட்டதென்று 1998இல் ஒரு வைத்திய சஞ்சிகையில் அறிக்கை வெளியிட்டனர். மூன்றே மூன்று பிள்ளைகள்! ஒப்பு நோக்குவதற்கு ஊசி பெறாத பிள்ளை ஒன்றுகூட அவ்வறிக்கையில் இல்லை. ஆயினும் தொலைக்காட்சி ஒளிபரப்பின் பின்னர் நேர்ந்தது ஒரு பெருவெள்ளம். செக்ரட்டின் அக்காலத்தில் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்பட்டது. நோயறியும் பரிசோதனையில் ஒருமுறை பயன்படுத்துவதற்கென்றே அனுமதிக்கப்பட்டிருந்தது. அதன் இருப்பு தீர்ந்தது, விலை ஏறிற்று. சில மாதங்களுக்குள் 2000இற்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது ஏற்றப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. பணமுள்ளோர் சேமிப்பைக் கரைத்தனர், பணமில்லாதோர் கடன்பட்டனர்.

செக்ரட்டின் புதுப் பொருளன்று என்பதும், அதன் கீர்த்தி வேறொரு காரணம் பற்றியது என்பதும் இவ்விடத்திற் கூறத்தக்கன. 1902ஆம் ஆண்டு இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியில் வில்லியம் பேலிஸ், ஏர்ணெஸ்ற் ஸ்ராலிங் என்னும் இருவரும், குடலில் உண்டாகும் ஒரு பொருள் இரத்தத்திற் கலந்து சென்று சதையியைச் சுரக்கச் செய்கின்றதெனக் கண்டனர். நரம்பின் ஏவலின்றி இரத்தமே தூது செல்லும் என்பதற்கு அதுவே முதற் சான்று. மூன்றாண்டு கழித்து, 1905இல், இத்தகைய பொருள்களுக்கு ஓமோன் என்ற பெயரை ஸ்ராலிங் வழங்கினார். ஆகவே உலகம் ஓமோனென்று அறிந்த முதற்பொருள் செக்ரட்டினே. அத்தகைய பொருள் ஒரு நூற்றாண்டின் இறுதியில் பிள்ளைகளின் மௌனத்தைத் திறக்கும் திறவுகோலாகப் பேசப்பட்டபோது, அதற்கு ஒருவகை விஞ்ஞானக் கௌரவம் முன்னரே அமைந்திருந்தது.

இதனை ஆராய முற்பட்டோருள் வட கரோலைனாவைச் சேர்ந்த வைத்தியர் ஏட்றியன் சான்ட்லரும் அவர் தோழர்களும் குறிப்பிடத்தக்கவர். அவர்கள் செய்த சோதனை மிக எளிது. மூன்று வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட 60 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தனர். திருவுளச் சீட்டுப் போடுவதுபோன்ற முறையினால் அவர்களை இரு பகுதியாக்கினர். ஒரு பகுதியினர்க்குச் செயற்கையாகத் தயாரித்த செக்ரட்டின் ஒருமுறை ஏற்றப்பட்டது. மறுபகுதியினர்க்கு வெறும் உப்பு நீர் ஏற்றப்பட்டது. எப்பிள்ளைக்கு எது என்பது பெற்றோருக்குத் தெரியாது. பிள்ளையைப் பரிசீலித்து மதிப்பெண் இட்டவர்க்கும் தெரியாது. நான்கு வாரம்வரை பிள்ளைகளின் நடத்தை அளவிடப்பட்டது. 56 பிள்ளைகளின் பெறுபேறுகள் இறுதியிற் கணக்கிடப்பட்டன.

1999ஆம் ஆண்டு டிசெம்பரில் நியூ இங்கிலண்ட் வைத்திய சஞ்சிகை அதன் முடிவை வெளியிட்டது. ஓட்டிச நடத்தையை அளவிடும் ஓர் அட்டவணையில் 158 என்பது மிகக் கடுமையான நிலை. செக்ரட்டின் பெற்ற பிள்ளைகளின் சராசரி எண் தொடக்கத்தில் 59.0; உப்பு நீர் பெற்றோரின் எண் 63.2. நான்கு வாரத்தில் முதற் பகுதியினரின் எண் 8.9 குறைந்தது. உப்பு நீர் பெற்றோரின் எண் 17.8 குறைந்தது! உப்பு நீரே சிறந்த மருந்தென்று எவரும் முடிவுகட்டிவிடலாகாது. அவ்வளவு வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. சோதனை காட்டியது யாதெனில், ஊசி குத்தப்பட்ட பிள்ளைகள் எல்லோருமே ஓரளவு முன்னேறியதாகக் காணப்பட்டனர். ஊசிக்குள் இருந்த பொருள் யாது என்பது பொருட்டாகவில்லை.

உப்பு நீர் எவ்வாறு ஒரு பிள்ளையை முன்னேற்றும்? இவ்வினாவிற்றான் முழு வரலாற்றின் சூட்சுமமும் தங்கியிருக்கின்றது. ஓட்டிசமுள்ள பிள்ளையின் வளர்ச்சி நேர்கோட்டிற் செல்வதன்று. மாதக்கணக்கில் மாற்றமின்றி இருக்கும். பின்னர் ஒரு கிழமையில் மூன்று புதுச் சொற்கள் வரும். நடத்தை ஒருகாலம் கடுமையாகும். பிறகு தானே தணியும். பெற்றோர் வைத்தியரைத் தேடி ஓடுவது கடுமையான நாளிலேயன்றித் தணிந்த நாளிலன்று; ஆகையால் எச்சிகிச்சை செய்தாலும் அதன்பின் தணிவு வருவதற்கே வாய்ப்பு அதிகம். காய்ச்சல் உச்சத்தில் நிற்கும் நாளில் நூல் மந்திரித்துக் கட்டினால், இறங்கும் காய்ச்சலின் புகழ் நூலுக்கே சேரும். காகம் ஏறப் பனம்பழம் விழுந்த கதை இதுவே. இதனோடு எதிர்பார்ப்பும் சேர்கின்றது. நேற்றுவரை கவனிக்கப்படாது போன ஒரு பார்வை, ஊசி போட்ட மறுநாள் அதிசயமாகின்றது. தாய் பொய் சொல்லவில்லை; அவர் கண்டது மெய்யே. அதன் காரணத்தைக் கண்டதாக எண்ணியதே பிழை.

இப்பிழையிலிருந்து தப்பும் வழியைக் கண்டவர்கள் செக்ரட்டினுக்கு இருநூறாண்டு முந்தியவர்கள். 1784ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், காந்த ஆற்றலால் நோய் தீர்ப்பதாகச் சொன்ன மெஸ்மரின் முறையை ஆராயப் பதினாறாம் லூயி மன்னர் அமைத்த குழுவில் பெஞ்சமின் பிராங்கிளினும் இரசாயன அறிஞர் லவோசியேயும் இருந்தனர். பிராங்கிளினின் தோட்டத்தில் ஒரு மரத்துக்குக் ‘காந்தம்’ ஏற்றி, கண் கட்டிய ஒரு சிறுவனை மரம் மரமாக அழைத்துச் சென்றபோது, காந்தம் ஏற்றப்படாத மரத்தடியிலேயே அவன் மூர்ச்சையானான். சீட்டுக் குலுக்கி நோயாளரைப் பிரிக்கும் முறை அதற்கு நெடுங்காலம் பின்னர் வந்தது. 1948இல் பிரித்தானிய வைத்திய ஆராய்ச்சிச் சபை, ஒஸ்ரின் பிராட்போர்ட் ஹில் வகுத்த திட்டத்தின்படி, 107 காசநோயாளரை அவ்வாறு பிரித்து ஸ்ரெப்ரோமைசினைச் சோதித்தது. கண்ணைக் கட்டுதல், சீட்டுக் குலுக்குதல் என்னும் இவ்விரண்டும் சேர்ந்ததே சான்ட்லரின் கருவி.

ஓட்டிசத்தின் வரலாற்றில் அக்கருவி வந்து சேர்வதற்கு ஏன் இவ்வளவு காலம் சென்றது? அதனை அறியச் சிறிது பின்னோக்கிச் செல்லவேண்டும்.

ஓட்டிசம் என்ற சொல் ‘தான்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. சுவிற்சலாந்து மனநோய் வைத்தியர் ஒயிகன் புளொயிலர் அதனை வேறொரு மனநோயின் இயல்பைக் குறிக்கவே ஆக்கினார். 1943இல் போல்ற்றிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த லியோ கனர், எட்டு ஆண்களும் மூன்று பெண்களுமாகப் பதினொரு பிள்ளைகளை விவரித்து எழுதிய கட்டுரையே இன்றைய பொருளுக்கு வித்திட்டது. அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் இதையொத்த பிள்ளைகளைப் பற்றி எழுதினார். இவ்வியல்பு பிறவியிலேயே அமைந்தது என்பதே கனர் முதலில் தெரிவித்த கருத்து. எனினும் அப்பிள்ளைகளின் பெற்றோர் அன்பை வெளிக்காட்டாதவர் என்றும் அவர் பின்னர் எழுதினார். அந்தச் சிறு பொறி பெருநெருப்பாயிற்று.

சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் விசேட பாடசாலையை 1944 முதல் 1973வரை நடத்திய புருனோ பெற்றல்ஹைம் 1967இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். நாற்சிகளின் சிறைமுகாம்களில் வாடியவர் அவர். முகாமிற் கைதிகள் உலகை வெறுத்து உள்ளொடுங்கியதைக் கண்டவர், ஓட்டிசப் பிள்ளையும் தன்னை வேண்டாத தாயிடமிருந்து உள்ளொடுங்கிய கைதியே என்றார். பெற்றோரைப் பிரித்துப் பிள்ளையைப் பாடசாலையில் வைத்து வளர்ப்பதே சிகிச்சை என்றும், அவ்வாறு வளர்ந்தோருட் பெரும்பகுதியினர் முன்னேறினர் என்றும் அவர் எழுதினார். அந்நூல் அழகாக எழுதப்பட்டது, பத்திரிகைகள் போற்றின. ஆனால் எவருக்கு ஓட்டிசம் என்று தீர்மானித்தவரும் அவரே. எவர் முன்னேறினர் என்று தீர்மானித்தவரும் அவரே. வாதியும் நீதிபதியும் ஒருவராயிருந்த வழக்கு அது. அவ்வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் ஒரு தலைமுறைத் தாய்மார்.

அத்தாய்மாரின் சார்பில் எழுந்தவர் ஒரு தந்தை. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராயிருந்த பேர்ணாட் றிம்லண்ட், தம் மகனின் நிலையை அறிய நூலகம் நூலகமாகத் தேடி, 1964இல் வெளியிட்ட நூலில், தாயே காரணம் என்பதற்குச் சான்று எதுவுமில்லை, உடற்கூற்றுக் காரணத்துக்கே சான்று உண்டு என்று நிறுவினார். கனரே அந்நூலுக்கு முன்னுரை வழங்கினார். 1969இல் பெற்றோர் கூட்டமொன்றில் கனர், பெற்றோராகிய அவர்கள்மீது குற்றமில்லையென்று வெளிப்படையாக விடுவித்தார். 1977இல் சூசன் போல்ஸ்ரீனும் மைக்கேல் றட்டரும் பிரித்தானியாவில் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடிகளுள் நான்கில் இருவருக்கும் ஓட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருவினரான 10 சோடிகளுள் ஒன்றிலேனும் அவ்வாறில்லை. தாயின் அன்பு இரு வகைச் சோடிகளுக்கும் ஒன்றே, பரம்பரையே வேறு. பெற்றல்ஹைமின் சித்தாந்தம் அத்தோடு ஆட்டங்கண்டது.

இனி வரும் செய்தி வருத்தம் தருவது. தீர்க்கமான சான்று கேட்டுப் பெற்றல்ஹைமை வீழ்த்திய அதே றிம்லண்ட், 1998இல் செக்ரட்டினை உலகுக்கு எடுத்துக் கூறியவர்களுள் முதல் வரிசையில் நின்றார். கட்டுப்பாட்டுச் சோதனை எதுவும் நடைபெறுமுன்னரே அதனை மாபெரும் நம்பிக்கையென அவர் வரவேற்றார். எதிரியின் கூற்றுக்கு ஒரு தராசும் தாம் விரும்பும் கூற்றுக்கு வேறொரு தராசும் வைத்திருப்பது அறிஞர்க்கும் இயல்பே போலும். தந்தையின் ஆவல் விஞ்ஞானியின் கையைப் பிடித்துக்கொண்டது என்றும் சொல்லலாம்.

செக்ரட்டினுக்கு எட்டாண்டு முன்னர் நேர்ந்த வேறொரு நிகழ்ச்சி இதனினும் துயரமானது. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் ரோஸ்மேரி குறொஸ்லி என்பவர், பேசமாட்டாத பிள்ளைகளின் கையைத் தாங்கிப்பிடித்து எழுத்துப் பலகையில் எழுத்துகளைச் சுட்டச் செய்யும் முறையைக் கையாண்டார். அதனை நேரிற் கண்ட சிரகியூஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டக்ளஸ் பிக்லென் 1990இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதவே, அமெரிக்காவெங்கும் அது பரவிற்று. ஒரு சொல்லும் பேசாத பிள்ளைகள், துணையாளர் கைபிடித்தவுடன், கவிதையும் கணிதமும் பெற்றோர்க்கு நன்றியும் தட்டெழுதினர். ஆண்டுகள் பலவாக மௌனத்தையே கேட்ட வீடுகளில் அவ்வெழுத்துகள் எத்தகைய ஆனந்தத்தை விளைத்திருக்கும் என்பதை உரைக்கவேண்டியதில்லை.

ஆனால் அவ்விரல்கள் நன்றியை மட்டும் எழுதவில்லை. தந்தை தம்மைக் கெடுத்தார் என்றும் சில பலகைகளில் எழுத்துகள் எழுந்தன. பிள்ளைகள் வீட்டினின்றும் பிரிக்கப்பட்டனர். தந்தையர் குற்றவாளிக் கூண்டில் ஏறினர். அப்படிப்பட்ட ஒரு வழக்கில், பொஸ்ரன் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த பேச்சியல் நிபுணர் ஹவாட் ஷேன் சோதனை ஒன்று செய்தார். பிள்ளைக்கு ஒரு படமும் துணையாளர்க்கு வேறொரு படமும் காட்டினார். ஒருவர் கண்டதை மற்றவர் அறியார். பிள்ளை கண்டது திறவுகோல்; துணையாளர் கண்டது கோப்பை. பலகையில் எழுந்த சொல் கோப்பை.

1993இல் நியூ யோர்க் மாகாணத்துப் பராமரிப்பு நிலையமொன்றில் 12 பேரையும் அவர்தம் 9 துணையாளரையும் கொண்டு இதே சோதனை விரிவாக நடத்தப்பட்டது. இருவர்க்கும் வெவ்வேறு படம் காட்டியபோது பிள்ளை கண்ட படத்தின் பெயர் ஒருதரமேனும் எழவில்லை. எழுந்த பெயர்கள் துணையாளர் கண்டவற்றின் பெயர்களாகவே இருந்தன. அந்நிலையத்தார் இம்முறையை நம்பி ஏற்றவர்கள் என்பதும், அது மெய்யென்று காட்டவே சோதனையைத் தொடங்கினர் என்பதும் மறக்கத்தக்கனவல்ல. துணையாளர்கள் வஞ்சகரல்லர். தம் கையே எழுதுகின்றதென அவர்கள் அறிந்திலர். அறிந்தபோது சிலர் மனமுடைந்தனர். பேர்லினில் கணக்குப் போடும் குதிரையென்று பெயர்பெற்ற ஹான்ஸ், எசமானின் தலையசைவை நோக்கியே குளம்பு தட்டிற்று என்பதை ஒஸ்கார் புங்ஸ்ற் 1907இல் விளக்கியிருந்தார். குதிரையை ஆராய்ந்த நுணுக்கத்தைப் பிள்ளைகளின் காரியத்திற் கையாள எண்பத்தைந்து ஆண்டு சென்றது. 1994இல் அமெரிக்க உளவியற் கழகம் இம்முறைக்கு விஞ்ஞான ஆதாரமில்லையெனத் தீர்மானம் நிறைவேற்றிற்று. வேறு பெயர்களில் இது இன்னும் சில இடங்களில் நடைபெறுகின்றது.

இவையெல்லாம் பொய்யான பரிகாரங்கள். மெய்யும் மிகையும் கலந்த ஒன்றை மதிப்பிடுவதே கடினம். லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐவர் லோவாஸ் என்னும் பேராசிரியர், ஒவ்வொரு செயலையும் சிறு படிகளாகப் பிரித்து, சரியாகச் செய்தவுடன் பரிசளித்துப் பயிற்றும் முறையை வளர்த்தார். தொடக்கத்தில் அதில் தண்டனையும் இருந்தது. அறையும் அதட்டலும் மின்னதிர்ச்சியும்கூடக் கையாளப்பட்டன. 1987இல் அவர் வெளியிட்ட கட்டுரை பெரும் பரபரப்பை விளைத்தது. கிழமைக்கு 40 மணி நேரம், இரண்டாண்டுக்கு மேலாகப் பயிற்சி பெற்ற 19 சிறு பிள்ளைகளுள் 9 பேர் சாதாரண பாடசாலையில் முதல் வகுப்பில் தேறி, நுண்மதியிலும் மற்றப் பிள்ளைகளுக்கு நிகராயினர் என்பது அதன் சாரம். குறைந்த பயிற்சியோ வேறு பராமரிப்போ பெற்ற 40 பேருள் அவ்வாறானவர் ஒருவரே.

இக்கணக்கு செக்ரட்டின் அறிக்கையைப் போன்றதன்று. ஒப்புநோக்க ஒரு பகுதி இருந்தது. ஆண்டுக்கணக்கிற் பின்தொடர்ந்தும் பார்த்தனர். ஆனால் எப்பிள்ளை எப்பகுதியில் என்பதைத் தீர்மானித்தது குலுக்கலன்று. பயிற்றுநர் கிடைப்பதைப் பொறுத்து அது அமைந்தது. சாதாரண வகுப்பில் இடம்பெறுவது பிள்ளையின் ஆற்றலை மட்டுமன்றி, பெற்றோரின் முயற்சியையும் பாடசாலையின் மனப்பாங்கையும் சார்ந்தது. 2000இல் திரிஸ்ரம் சிமித் முதலியோர் 28 பிள்ளைகளைக் குலுக்கல் முறையிற் பிரித்துச் சோதித்தபோது, தீவிரப் பயிற்சி பெற்றோர் நுண்மதியில் முன்னேறினர். ஆனால் 1987இன் அதிசயம் மீண்டும் நிகழவில்லை. அன்றாட நடத்தையில் இரு பகுதியினர்க்கும் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. இத்தகைய ஆராய்ச்சிகளை 2012இலும் 2018இலும் ஒருங்கு திரட்டிப் பார்த்த கொக்ரேன் குழுவினர், பயன் உண்டென்பதற்குச் சான்று உண்டு, ஆனால் அச்சான்று வலுக்குறைந்தது என்றே எழுதினர். திரட்டப்பட்ட ஐந்து ஆராய்ச்சிகளுள் குலுக்கல் முறையில் நடந்தது ஒன்றே. இவ்வளவு பணமும் காலமும் செலவிடப்படும் ஒரு துறையில் இது வியப்புக்குரிய வறுமையே.

எதனை அளப்பது என்ற வினாவும் இங்கே எழுகின்றது. பிள்ளை கை அசைப்பதை நிறுத்தினால் அது முன்னேற்றமா? அவ்வசைவு அவனுக்கு அமைதி தந்ததாயின்? 1990களிலிருந்து ஓட்டிசமுள்ள பெரியவர்களே இவ்வினாவை எழுப்பி வந்திருக்கின்றனர். தாம் பெற்ற பயிற்சியின் வேதனையையும் அவர்கள் எழுதியுள்ளனர். மதிப்பெண் அட்டவணையில் அவர்களைக் கேட்பதற்கு நெடுங்காலம் இடமிருந்ததில்லை. இது லோவாசின் குறை மட்டுமன்று. துறை முழுவதன் குறை.

அளவுகோல் எப்போதும் இல்லையென்றே சொல்லும் என்பதுமில்லை. 2002இல் றிஸ்பெரிடோன் என்னும் மருந்தை 101 பிள்ளைகளிடம் எட்டு வாரம் சோதித்தனர். தம்மைத் தாமே அடித்தல், கடும் சீற்றம் என்பன, மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 69 பேரிடம் தெளிவாகத் தணிந்தன. போலி மாத்திரை பெற்றோருள் 12 பேரிடமே தணிந்தன. அதே சோதனை மருந்தின் குற்றத்தையும் மறைக்கவில்லை: எட்டு வாரத்துள் பிள்ளைகளின் நிறை சராசரி 2.7 கிலோ ஏறியது, மற்றவர்க்கு 0.8 கிலோ. அம்மருந்து சீற்றத்தைத் தணிக்கின்றது, ஓட்டிசத்தை மாற்றுவதில்லை. பேச்சுக்கும் உறவுக்கும் அடிப்படையான இயல்புகளை மாற்றுமென நிரூபிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. மருந்தின்றிப் பெற்றோர்க்கே பயிற்சியளித்து, பிள்ளையின் சிறு சைகைகளை உணர்ந்து மறுமொழி பகரச் செய்யும் முறையொன்று பிரித்தானியாவில் 152 பிள்ளைகளிடம் சோதிக்கப்பட்டது. 2010இல் வெளியான முதல் முடிவு சிறிய பயனையே காட்டிற்று. ஏறத்தாழ ஆறாண்டு கழித்து, 2016இல் வெளியான ஆய்வு, பயன் ஓரளவு நிலைத்திருந்ததெனக் காட்டிற்று. இதனைத் தொலைக்காட்சிகள் அதிசயமென்று ஒளிபரப்புவதில்லை.

சோதனையைப் பொறுக்காத பரிகாரங்கள் உயிரையும் கொண்டன. 1998இல் லான்செற் சஞ்சிகை 12 பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரையொன்று, சின்னமுத்து முதலியவற்றுக்கான தடுப்பூசியின்மேல் ஐயத்தை விதைத்தது. அது 2010இல் மீளப்பெறப்பட்டது. 2019இல் வெளியான டென்மார்க்கு ஆய்வில் 657,461 பிள்ளைகளுள் அத்தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் ஊசிகளிலிருந்த பாதரசம் உடலில் தங்கியிருக்கின்றதென்ற வேறொரு நம்பிக்கையும் அக்காலத்திற் பரவி, உலோகங்களை இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் மருந்துகளைப் பிள்ளைகளுக்கு ஏற்றும் வழக்கத்தை உண்டாக்கிற்று. 2005இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அத்தகைய ஊசியின்போது இறந்தான். இரத்தத்திலிருந்த கல்சியத்தை அம்மருந்து கவர்ந்துகொண்டமையே காரணம்.

செக்ரட்டின் கதைக்கும் ஒரு பின்னுரை உண்டு. 1999இல் சோதனையின் முடிவைச் சான்ட்லர் குழுவினர் பெற்றோர்க்கு எடுத்துரைத்தபின், இன்னும் அம்மருந்தில் நாட்டமுண்டா என்று கேட்டனர். நூற்றுக்கு 69 பேர் உண்டு என்றனர். இதனை அறியாமையென ஒதுக்குவோர், முப்பது ஆண்டு தம்மையே குற்றவாளியென்று கேட்டு வந்த பெற்றோர் கூட்டத்தின் நெஞ்சை அறியாதவர். ஒரு கதவு அடைபட்டதெனக் காட்டியவர், வேறெந்தக் கதவையும் அவர்களுக்குத் திறந்துவிடவில்லை. ஒரு மருந்துக் கொம்பனி செயற்கைச் செக்ரட்டினைத் தொடர்ந்து சோதித்து, 2004இல் அம்முயற்சியும் தோல்வியென அறிவித்தது. 2012இல் 16 சோதனைகளையும் 900இற்கு மேற்பட்ட பிள்ளைகளையும் ஒருங்கு நோக்கியோர், பயன் இல்லையெனக் கணக்கை முடித்தனர். ஒக்சிற்றோசின் என்னும் வேறோர் ஓமோன் அவ்விடத்துக்கு வந்தது. 2021இல் 290 பிள்ளைகளிடம் 24 வாரம் சோதித்ததில், அதுவும் போலி மருந்தும் ஒன்றாகவே நின்றன.

கனர் விவரித்த பதினொருவருள் முதலாமவன் டொனால்ட் என்னும் சிறுவன், மிசிசிப்பி மாகாணத்துச் சிற்றூரொன்றைச் சேர்ந்தவன். மூன்று வயதில் அவனை ஒரு விடுதியில் விட்ட பெற்றோர், ஓராண்டின் பின் மனம் பொறாது மீட்டுக் கொணர்ந்தனர். 1942இல் அவனை ஒரு கமக்காரத் தம்பதியிடம் ஒப்படைத்தனர். எதையும் அளப்பதும் எண்ணுவதும் அவன் வழக்கம். அத்தம்பதியர் அதனைத் தடுக்கவில்லை. கிணறொன்று தோண்டி அதன் ஆழத்தை அளக்கச் சொன்னார்கள். சோளப் பாத்திகளை எண்ணிக்கொண்டேயிருந்தவனிடம் ஏரைக் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். கனர் அங்கே சென்றபோது, குதிரையை அவன் ஓட்டித் திருப்பிய நேர்த்தியைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். இதனை ஒரு சிகிச்சையெனக் கொண்டால், ஒப்புநோக்க வேறு பிள்ளை இல்லாத, குலுக்கலற்ற, ஒருவரை மட்டும் பற்றிய அறிக்கையே இதுவும். டொனால்ட் 1958இல் பட்டம் பெற்றார், தம் ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கோல்ப் ஆடினார், தனியே பல நாடுகளைச் சுற்றினார், 2023 ஜூன் மாதத்தில், 89ஆம் வயதில், அவ்வூரிலேயே காலமானார்.